ஒப்பிக்கக் கேட்பவர் யார்?

காரைக்காலில் ஒரே தெருவில் இரண்டு விதமான பத்தாம் வகுப்பு நடக்கிறது. அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பையில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கான என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்; தனியார் பள்ளிக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பையில் தமிழ்நாட்டுச் சமச்சீர்ப் புத்தகம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கென்று தனித் தேர்வு வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டையும், மாகே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் சார்ந்தே காலத்தை ஓட்டின. 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. 2025இல் முதல் அணி அதன் பொதுத்தேர்வை எழுதியது. வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குள் நுழைந்தால் அரசுப் பள்ளியிலும் சமச்சீர்தான்.

இந்த மாற்றத்தோடு ஒரு பேச்சும் வந்து சேர்ந்தது: இனி மனப்பாடம் செல்லாது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தாளில் ஏறக்குறையப் பாதியைத் திறன் சார்ந்த வினாக்களுக்கு ஒதுக்கியிருப்பது உண்மைதான். கூற்றும் காரணமும் தந்து பொருத்தம் கேட்பது, ஒரு நிகழ்வை விவரித்து அதன்மேல் கேள்வி போடுவது என்று தாளின் முகம் மாறிவிட்டது. ஆனால் அந்தப் பேச்சில் பாதிதான் சரி. மனப்பாடம் என்று ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே எறியும்போது, எறியக்கூடாத ஒன்றும் அதோடு போய்விடுகிறது.

மூட்டையைப் பிரித்துப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் தேர்வுக்குப் படிப்பது என்பது பல தனித்தனி வேலைகள். கைடில் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது ஒன்று. பாடத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகளை உருப்போடுவது இன்னொன்று. மூன்றாவது, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது. நான்காவது, புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்று ஒப்பிப்பது. இவற்றில் முதலாவதுக்குத்தான் அதிக நேரம் போகிறது; அதனால் கிடைப்பதோ மிகக் குறைவு.

இதற்குச் சோதனைச் சான்று உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு உரைநடைப் பகுதியை இரண்டு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, மறுமுறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 42க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 56இல் நின்றார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் கைடைப் புரட்டுகிற பிள்ளைக்கு "எல்லாம் தெரியுது" என்று தோன்றுவதன் ரகசியம் அந்த 81தான். அது அடுத்த ஐந்து நிமிடத்துக்கான தெம்பு. டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு உத்திகளை எடைபோட்டு 2013இல் எழுதியபோது, தன்னைத்தானே சோதித்துக்கொள்வதையும் இடைவெளி விட்டுத் திருப்புவதையும் முதல் தரத்தில் வைத்தார்கள். கோடு போடுவதும் மறுவாசிப்பும் கடைசித் தரத்துக்குப் போயின.

நம் பழைய வழக்கத்தில் இந்த முதல் தரச் சரக்கு தாராளமாக இருந்தது. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்து நடைமுறை ஒன்றைச் சொல்கிறார். மாலையில் வீட்டுக்குப் போகும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் உபாத்தியாயர் ஒரு பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். ஓர் இரவு இடைவெளி, பிறகு கையில் எதுவும் இல்லாமல் நினைவிலிருந்து எடுத்துத் தருவது: இன்றைய ஆய்வுக்கூடம் பரிந்துரைக்கும் இரண்டும் அதில் இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த த. செந்தில்பாபு திண்ணைப் பள்ளிகளின் கணக்குப் பாடத்தை ஆராய்ந்து இதைவிட வலுவாக ஒன்றைச் சொன்னார். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றைப் பிள்ளைகள் உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றியதைப் புரியாத கிளிப்பேச்சாகத் தள்ளிவிட முடியாது; அங்கே நினைவாற்றலே கற்கும் வழியாக இருந்தது என்பது அவர் வாதம். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. அதை மனத்தில் வைத்திருந்தவன் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது அதையே உபயோகித்தான். இன்று ஒப்பிக்கப்படுகிற பலவற்றுக்குத் தேர்வுத்தாளைத் தவிர வேறு களமே இல்லை என்பதுதான் வேறுபாடு.

இடைவெளி விட்டுத் திருப்புவதற்கு ஊருக்குள்ளேயே உயிருள்ள சான்றும் இருக்கிறது. காரைக்காலிலும் நாகூரிலும் குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளைகள் அன்றைய புதுப் பாடத்தோடு நின்றுவிடுவதில்லை. சமீபத்தில் ஏற்றிய பகுதியையும், முன்பே முடித்த பழைய பகுதிகளையும் முறைவைத்து உஸ்தாதிடம் ஓதிக்காட்ட வேண்டும். முப்பது ஜுஸ்வும் ஒருவர் நெஞ்சில் தங்குவதற்குக் காரணம் அந்தச் சுழற்சி. நம் பள்ளிகளிலும் 'திருப்புதல் தேர்வு' என்று பெயர் இருக்கிறது. ஆனால் அது பாடம் முழுக்க முடிந்தபின் கடைசி வாரங்களில் அடுக்கடுக்காக வருகிறது. ஜூனில் நடத்திய பாடத்தை மறுபடி ஜனவரியில் பார்க்கும் பிள்ளை அதைத் திருப்பவில்லை, புதிதாகப் படிக்கிறது.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை, ஒப்பிப்பதில் நாம் சொல்லைக் காவல் காத்தோம், பொருளைக் கைவிட்டோம். தமிழ்த் தாளில் செய்யுளை அடிபிறழாமல் எழுதச் சொல்வது நியாயம். செய்யுளுக்கு அடிதான் உயிர். அறிவியல் விடைக்கும் அதே சட்டத்தைப் போட்டதுதான் கோளாறு. சவ்வூடு பரவலின் வரையறையை ஒரு சொல் மாறாமல் சொல்லும் பிள்ளையிடம், 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த வயலில் ஈரம் இருந்தும் பயிர் ஏன் கருகியது என்று கேட்டுப் பாருங்கள். பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் வீட்டுக்கு வீடு பேசப்படும் சுனாமிதான் அது. ஆனாலும் பதில் வராது; அந்தக் கேள்வி புத்தகத்தின் பின்பக்கத்தில் இல்லை.

இரண்டாவது குறை, கேள்வி தெரிந்த தேர்வு. 2017 வரை மேல்நிலை வகுப்புக்கு 'ப்ளூ பிரிண்ட்' இருந்தது: எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே தெரியும், பிள்ளைகள் பாதிப் புத்தகத்தைத் தைரியமாகத் தாண்டிப் போனார்கள். பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு ஆண்டு அரைத்தன. அந்தச் செண்டம்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை.

முதலெழுத்துச் சூத்திரங்களும் உண்டு. முக்கோணவியலுக்கு 'ஆல் சில்வர் டீ கப்ஸ்' எந்தக் கால்பகுதியில் எது நேர்க்குறி என்று சொல்லிவிடும்; ஏன் என்று சொல்லாது. அலகு வட்டத்தை ஒருமுறை வரைந்து பார்த்தவனுக்கு அந்த டீ கப் தேவைப்படாது. வரையாதவனுக்கு அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

இன்னொரு முரணையும் சொல்லியாக வேண்டும். மனப்பாடம் வேண்டாம் என்று சொல்லும் அதே வீடு, பிள்ளையை நீட் பயிற்சிக்கு அனுப்புகிறது. அங்கே உயிரியலில் மட்டும் 90 கேள்விகள்; என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரி வரியாக ஏற்று என்பதே பயிற்சி மையங்களின் முதல் உபதேசம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும் என்பதால் அரைகுறை நினைவு அங்கே வெறுங்கையைவிட ஆபத்து. நினைவுக்கு எந்தத் தேர்விலும் வேலை போய்விடவில்லை. அது எதை வைத்திருக்கிறது, எப்போது எடுத்துத் தருகிறது என்பதே கேள்வி.

நான் அதிகம் கவலைப்படுவது இன்னொரு மாற்றத்தைப் பற்றி. ஒப்பிப்பதற்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். தமிழ்வழியில் அந்த வேலையை அம்மா செய்தார், அக்கா செய்தார், திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா செய்தார். அவர்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். "அந்த வரிய வுட்டுட்டியே" என்று சொல்லிவிடுவார்கள். என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் புத்தகம் தமிழில் வருவதில்லை. மீன் ஏலத்திலிருந்தோ நாற்று நடவிலிருந்தோ திரும்பி வரும் அம்மாவின் கையில் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்து என்ன ஒப்பிப்பது? கேட்பவர் போனதும் பிள்ளை தனியாக உட்கார்ந்து மௌனமாகக் கோடு போடத் தொடங்குகிறது. வசதியுள்ளவர்கள் மாதச் சம்பளத்துக்கு டியூஷனில் ஒரு கேட்பவரை வாங்கிக்கொள்கிறார்கள். மனப்பாடத்தை ஒழிக்க வந்ததாகச் சொல்லப்பட்ட மாற்றம், பல வீடுகளில் ஒப்பிப்பதை ஒழித்துவிட்டு மனப்பாடத்தின் மட்டமான பகுதியை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. மொழி பிடிபடாத பிள்ளைக்கு அச்சிட்ட வாக்கியத்தை அப்படியே ஏற்றுவது சோம்பலும் இல்லை. சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கப் பயந்தவன் வேறு என்ன செய்வான்?

நாள்காட்டியும் இரக்கம் காட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழை நவம்பர், டிசம்பரில் இந்தக் கரையோரத்துப் பள்ளி நாட்களைத் தின்றுவிடும், பிறகு பொங்கல். சமச்சீர்ப் பிள்ளைக்குத் தேர்வு மார்ச்சில் வருகிறது; சி.பி.எஸ்.இ. பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. மழையில் போன பாடத்தை ஜனவரியில் ஓட்டினால் திருப்புவதற்கு நாள் எங்கே?

வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், தலைக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஒப்பித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். எந்த ஆசிரியராலும் அது முடியாது. பழைய பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, போன வாரப் பாடம் ஒன்று, இரண்டு மாதத்துக்கு முந்தைய பாடம் ஒன்று என்று ஒருவரை ஒருவர் கேட்கச் செய்யலாம். ஆசிரியர் வேலை, பின்பக்கத்தில் இல்லாத ஒரு கேள்வியை நாள்தோறும் கரும்பலகையில் எழுதுவது. வீட்டில் அம்மாவிடம் தமிழிலேயே சொல்லட்டும், "ஏன் அப்டி?" என்று அவர் ஒருமுறை கேட்டால் போதும்.

இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் தடை நியாயமானது. தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளை தாளில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும், மூன்று மணி நேரத் தாளில் அது மதிப்பெண்ணைக் குறைக்கும். ஜனவரியில் ஆரம்பித்தால் கட்டாயம் குறைக்கும். ஜூனிலிருந்து வாரம் ஒரு பாடமாகத் தமிழில் சொல்லி, ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிப் பழகிய பிள்ளைக்கு எவ்வளவு குறையும் என்பதைப் பள்ளிகள் ஓர் ஆண்டு நடத்திப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.