'சபாஷ் மீனா': நகையும் கொச்சை மொழியும்

நகைச்சுவையை இலக்கியப் பந்தியின் கடைசி இலையில் அமர்த்துவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. தொல்காப்பியரோ மெய்ப்பாடுகள் எட்டினையும் எண்ணப் புகுந்தபோது நகையையே முதலில் வைத்தார். அந்த மதிப்போடு, 1958 அக்டோபரில் வெளிவந்த 'சபாஷ் மீனா' என்னும் திரைப்படத்தை இங்கே ஆராய விழைகின்றோம். திரைப்படத்துக்கு இவ்விதழில் என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. நம் தூத்துக்குடிக் கரைக்கும், நம் வீடுகளில் வழங்கும் பேச்சுக்கும் இதில் ஒரு வழக்கு இருக்கிறது.

பி. ஆர். பந்துலு தமது பத்மினி பிக்சர்ஸ் சார்பில் இயக்கிய படம் இது, இசை டி. ஜி. லிங்கப்பா. பொறுப்பற்ற செல்வ மகனைத் திருத்த வேண்டி, சென்னையிலுள்ள நண்பர் வீட்டுக்கு அனுப்புகிறார் தந்தை. மகனோ தன் பெயரைத் தோழனுக்குச் சூட்டி, அவனை அவ்வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் விருப்பம்போல் திரிகிறான். கதை முழுவதும் இந்த ஒரு பொய்யின்மேல் நிற்கிறது. ஒரு பொய்யைக் காக்க எத்தனை பொய்கள் வேண்டும் என்பதைக் காட்டிக் காட்டியே படம் நம்மைச் சிரிக்க வைக்கிறது. மகனாகச் சிவாஜி கணேசனும், தோழனாக ஜே. பி. சந்திரபாபுவும் நடித்தனர். 1962இல் பந்துலுவே இதனை இந்தியில் 'தில் தேரா தீவானா' என ஆக்கினார். அதில் நடித்த மெஹ்மூத் சிறந்த துணை நடிகருக்கான பிலிம்பேர் விருதைப் பெற்றார்.

சந்திரபாபு தூத்துக்குடியிலே பிறந்தவர். ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ் என்னும் அவரது இயற்பெயரிலேயே இவ்வூர்ப் பனிமய மாதா கோயில் இருக்கிறது. இளமையில் கொழும்பில் வாழ்ந்து, பின்னர்ச் சென்னை சேர்ந்தார். தூத்துக்குடி, கொழும்பு, சென்னை என்னும் இந்த வழி, முத்துச் சிலாபத்தாலும் தோணி வாணிபத்தாலும் வாழ்ந்த நம் முன்னோர் பலரும் நடந்த வழியே. மூன்று ஊர்ப் பேச்சும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

படத்தில் அவருக்கு இரட்டை வேடம். தோழனையன்றிச் சென்னை ரிக்ஷாக்காரர் ஒருவராகவும் வருகிறார். அவ்வேடத்தில் அவர் பேசும் சென்னைக் கொச்சைதான் நம் ஆராய்ச்சிக்குரியது. சொல்லின் குறுக்கம், இழுப்பு, தோளசைவு யாவும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. தெருவில் நின்று பொறுமையாகக் கேட்டவரன்றி வேறெவரும் அவ்வாறு பேச இயலாது. அதே மனிதர் அடுத்த காட்சியிலே தோழனாக வந்து வேறு தமிழ் பேசும்போது, முகம் ஒன்றாயினும் ஆள் வேறென்று நம் செவியே அறிந்துகொள்கிறது.

இதைச் சொல்லும் தகுதி நமக்குத் தாமதமாகவே வந்தது. ஆண்டுகள் சில முன்பு, நம் வகுப்பில் ஒரு மாணவன் கதையொன்று சொன்னான். அவன் பாட்டனார் தோணியேறிக் கொழும்புக்குப் புறப்பட்டார். காற்றின்றி மூன்று நாள் அலைந்து தோணி புறப்பட்ட துறைக்கே திரும்பிற்று. அதனைக் கொழும்பென்றே எண்ணி இறங்கிய பாட்டனார், எதிரே வந்த தம் மைத்துனரிடம், "நீ எப்போது வந்தாய்?" என்று கேட்டாராம். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. நாமோ, "கொச்சை நீக்கிச் செந்தமிழில் சொல்" என்றோம். பிழையின்றிச் சொன்னான், ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் தலைகுனிந்து அமர்ந்தது இன்றும் நம் கண்ணில் நிற்கிறது.

அரபு உரைநடையின் பேராசான் அல்-ஜாஹிழ் அவர்களை ஓதியிருந்தும் நாம் அவ்வாறு செய்ததுதான் வெட்கம். கி.பி. 868-69இல் மறைந்த அந்தப் பஸறா நகரத்து அறிஞர், கஞ்சர்களைப் பற்றி 'கிதாபுல் புகலா' என்றொரு நூல் யாத்தார். பாமரரின் நகைக்கதையைச் சொல்லும்போது, சொல்லிறுதிகளை இலக்கணப்படி ஒலிக்கும் இஃராபைப் புகுத்தினால் கதையின் சுவையே கெடும் என்பது அவர் கருத்து. இலக்கணம் அறியாதவர் கூற்றன்று இது. அரபு நடைக்கே அளவுகோல் ஆனவர் கூற்று. சந்திரபாபுவின் ரிக்ஷாக்காரர் இக்கருத்துக்குத் தமிழில் கிடைத்த சான்று.

குறையும் உண்டு. பெயரளவில் படம் மீனாவுடையது. ஆயினும் அப்பெண்ணுக்கு நகைச்சுவையில் பங்கு மிகக் குறைவு. ரிக்ஷாக்காரரின் பேச்சுக்குத் தந்த இடத்தை அவருடைய வாழ்வுக்குப் படம் தரவில்லை. மனிதனை மனிதன் வைத்திழுக்கும் கைரிக்ஷாவைத் தமிழக அரசு ஒழித்தது 1973இல்தான். அந்த உழைப்பின் மூச்சிரைப்பு இச்சிரிப்பினூடே கேட்டிருந்தால் படம் இன்னும் உயர்ந்திருக்கும். எளியவர் மொழியில் சிரிப்பது வேறு, எளியவரைச் சிரிப்பது வேறு. படம் பெரும்பாலும் முதலாவதன் பக்கமே நிற்கிறது. சில இடங்களில் எல்லையைத் தொட்டு மீள்கிறது.

பந்துலு அடுத்து, 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' ஆகியவற்றை எடுத்தார். பாஞ்சாலங்குறிச்சியும் தூத்துக்குடித் துறைமுகமும் அவற்றால் திரையில் புகழ் பெற்றன. நம் வட்டாரம் அவற்றைப் போற்றுகிறது. போற்றத்தக்கனவே. ஆனால் அதே இயக்குநர் 1958இல் இவ்வூர் மகனொருவனைக் கொண்டு நாட்டைச் சிரிக்க வைத்ததை நாம் நினைப்பதில்லை. சந்திரபாபு 1974இல் மறைந்தார். வீரத்தை நினைக்கும் ஊர் நகையையும் நினைக்கட்டும். நம் வீட்டு முதியோரின் கதைகளை எழுதி வைக்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அவர்கள் பேசியவாறே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.