ஆதுலர் குரல்: திருவண்ணாமலை வழி ஓர் ஆய்வு

நோயுற்றார்க்குச் செய்யப்படும் உதவியைப் பற்றித் தமிழிற் கிடைக்கும் சான்றுகள் இருவகைப்படும். ஒன்று, உதவி செய்வோர் பக்கத்தினின்று எழுந்தது. மற்றொன்று, படுக்கையிற் கிடப்போர் பக்கத்தினின்று எழுந்தது. முன்னதை மருத்துவ நூல்களிலும் கல்வெட்டுக்களிலும் காண்கின்றோம். பின்னதைக் காணப் பாட்டிலக்கியத்துட் புகுதல் வேண்டும். ஆயினும், தமிழர் மருத்துவம் பற்றி எழுதுவார் முன்னதையே பெரிதும் எடுத்தாள்வர்; பின்னதைப் பத்திப் பாட்டு என்றோ, நிலையாமை கூறும் பாட்டு என்றோ ஒதுக்கிவிடுவர். இவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது என்பதும், நோயாளன் தன் நிலையைத் தானே கூறுதல் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே நம் முன்னோரால் எண்ணப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாம். இதனை நாட்டத் திருவண்ணாமலையோடு தொடர்புடைய சான்றுகளையே சிறப்பாக எடுத்துக்கொள்வாம்.

1. வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு குறள்கள் நோயின் தோற்றத்தையும் உணவின் அளவையும் பற்றியன. இறுதி மூன்றே மருத்துவனது செயலைப் பற்றியன. அவற்றுள் 950ஆம் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது: நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்பன அவை.

இந் நாற்பகுப்பு வள்ளுவர்க்கே உரியதன்று. சரகர் நூலிலும் வாக்கபடர் நூலிலும் இதனைக் காணலாம். ஆயின் வரிசை வேறு. அவ் வடநூல்கள் மருத்துவனை முதலிலும், மருந்தையும் பணியாளனையும் இடையிலும், நோயாளனை இறுதியிலும் வைக்கின்றன. வள்ளுவரோ நோயாளனை முதலில் வைக்கின்றார். இவ்வேறுபாடு எதுகை நோக்கி வந்ததாகலாமோ எனின், 949ஆம் குறளுக்கு அவ்விடை ஓரளவு பொருந்தும். அங்கும் நோயாளனே முதலில் நிற்கின்றான், எதுகையும் நிரம்பி நிற்கின்றது. 950ஆம் குறளிலோ அடிதோறும் அவ்வெழுத்தே வரும் நிறைந்த எதுகை இல்லை. எதுகை வற்புறுத்தாத இடத்திலும் நோயாளனே முன்னிற்றலின், இவ்வரிசை கருதி அமைத்ததே எனக் கொள்ளுதல் தகும்.

பரிமேலழகர் இந் நான்கனுள் ஒவ்வொன்றையும் நந்நான்காக விரித்துப் பதினாறு ஆக்குகின்றார். நோயாளனுக்கு அவர் கூறும் நான்கு: பொருள் உடைமை, மருத்துவன் வழி நிற்றல், நோயின் நிலையை உணர்த்தும் வன்மை, மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்பன. இவை வாக்கபடர் கூறுவனவற்றோடு பெரிதும் ஒத்தல் காண்க. ஈண்டு நாம் ஊன்றி நோக்கத்தக்கது மூன்றாவது. தன் நோயைத் தான் எடுத்துரைக்கும் ஆற்றல் இல்வழி மருத்துவம் பதினாறனுள் ஒன்று குறைந்ததாகும். நோயாளனின் கூற்று புலம்பலன்று. மருந்தோடும் மருத்துவனோடும் ஒருங்கு எண்ணப்படும் உறுப்பு.

உடனிருந்து உதவுவானுக்கு அவ்வுரையாசிரியர் கூறும் நான்கனுள் முதலாவது நோயாளனிடத்து அன்பு, இறுதியானது அறிவு. அன்பு மட்டும் அமையாது என்பதும், அன்பு இன்றியும் அமையாது என்பதும் இதனாற் பெறப்படும். இவ்விரண்டு அளவுகோல்களையும் கொண்டு பிற சான்றுகளை அளந்து பார்ப்பாம்.

2. கல்வெட்டின் மௌனம்

திருவண்ணாமலைப் பகுதியினூடே ஓடும் செய்யாறு, பாலாற்றொடும் வேகவதியொடும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் கல்வெட்டு வீரராசேந்திர சோழன் காலத்தது, 11ஆம் நூற்றாண்டினது. கோயிலைச் சார்ந்த கல்லூரியில் ஓதுவோர்க்கும் ஓதுவிப்போர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் என ‘வீரசோழன்’ என்னும் ஆதுலசாலை ஒன்று இருந்தமையை அது தெரிவிக்கின்றது. ‘ஆதுரன்’ என்னும் வடசொல்லே தமிழில் ‘ஆதுலன்’ என வழங்கலாயிற்று. அச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்குரிய ஊதியம் வரையறுக்கப்பட்டது. சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் நிரல்படக் குறிக்கப்பட்டன.

தமிழக மருத்துவ வரலாற்றில் இக்கல்வெட்டின் சிறப்பைக் குறைத்துக் கூறுவார் இலர். வள்ளுவர் கூறிய நான்கனுள் மருத்துவன், மருந்து, உதவுவான் என்னும் மூன்றும் இதன்கண் விளங்க அமைந்துள்ளன. நான்காவதாகிய நோயாளனோ எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றான். அப் பதினைந்து படுக்கைகளிற் கிடந்தோர் நலம் பெற்றனரா, பேணிய பெண்டிரைப் பற்றி என் நினைந்தனர் என்பன நமக்குத் தெரியவாரா. இது கல்வெட்டின் குறையன்று. கொடையைப் பதிவு செய்தலே அதன் நோக்கம். ஆனால், அதனை மட்டும் கொண்டு அக்கால மருத்துவத்தின் மேன்மையை முடிவு கட்டுவாரது முறை குறையுடையது. ஊதியப் பட்டியல் ஒரு மருத்துவமனையின் அமைப்பைக் காட்டும். அதன் பண்பைக் காட்டாது.

3. புறத்தினின்று நோக்கலும் அகத்தினின்று கூறலும்

திருவண்ணாமலையைப் பாடிய நாயன்மார் இருவருள் ஒருவராகிய திருநாவுக்கரசர், நோயாளராகத் தம் வாய்மொழியை விட்டுச் சென்றவர். சமணப் பள்ளியில் தருமசேனர் என விளங்கியபோது சூலை நோய் பற்றியதும், பள்ளியிலிருந்தோர் மந்திரித்த நீராலும் பீலியாலும் அதனைத் தீர்க்க முயன்று இயலாது அகன்றதும், தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகை வந்ததும் பெரிய புராணத்தால் அறியப்படும். சேக்கிழார் பல நூற்றாண்டுகட்குப் பின், சைவச் சார்பில் நின்று எழுதியவர் ஆதலின், சமணர் செய்த மருத்துவம் பற்றிய அவர் கூற்றை அப்படியே வரலாறாகக் கொள்ளல் சாலாது.

இருவர் கூற்றையும் ஒப்பிடுங்கால் ஒரு நுட்பம் புலனாகின்றது. சேக்கிழார் சூலையின் கொடுமையை வடவைத் தீ, நஞ்சு, வச்சிரம் என்பவற்றோடு சார்த்திக் கூறுகின்றார். காண்போனுக்கு நோயின் பெருமை உவமையாலன்றித் தெரியாது. திருவதிகைப் பதிகத்து நாவுக்கரசரோ, கூற்றுவனை நினைந்து தொடங்கினும், அடுத்து நோயின் இடத்தையும் தொழிலையும் கூறுகின்றார்: வயிற்றினுள், குடரொடு பிணித்து முடக்குகின்றது என்கின்றார், அறிந்து தாம் செய்த கொடுமை எதனையும் அறியேன் என்கின்றார். இடம், தன்மை, காரணம் பற்றிய ஐயம் ஆகிய மூன்றும் மருத்துவன் கேட்க விரும்பும் செய்திகள். பரிமேலழகர் கூறிய ‘உணர்த்தும் வன்மை’க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. இதனைப் பத்திப் பாட்டு எனல் உண்மையே. ஆயின் அது மட்டுமன்று.

திலகவதியாரின் செயலும் கருதத்தக்கது. நோயால் வந்தவரை அவர் முதலில் வினவித் திருத்த முற்படவில்லை, ஏற்றுக்கொண்டார், பின்னரே திருநீறு அளித்தார். உழைச்செல்வார்க்குரிய அன்பு ஈண்டு முன்னிற்கின்றது.

4. அருணகிரியார் காட்டும் நோய்ப்படுக்கை

அருணகிரிநாதர் திருவண்ணாமலையினர், பிரபுடதேவராயனைத் தம் பாட்டிற் குறித்தலின் 15ஆம் நூற்றாண்டினர் என்பர். அவர் கொடிய நோயுற்று, திருக்கோயிலின் வல்லாள மகாராசன் கோபுரத்தினின்று வீழ்ந்தார் எனவும், முருகன் தாங்கினான் எனவும் செவிவழி வரலாறு கூறும். கோபுரத்திளையனார் சந்நிதி இன்றும் அதனை நினைவூட்டி நிற்கின்றது. பாட்டில் வரும் நோய்ச் செய்திகளைக் கொண்டு அவ்வரலாற்றை மெய்ப்பித்தலும், அவ்வரலாற்றைக் கொண்டு பாட்டிற்குப் பொருள் கூறுதலும் வட்டத்திற் சுழல்வதாகும். நாம் பாட்டினளவில் நிற்பாம்.

திருத்தணித் திருப்புகழ் ஒன்றில் இருமல், முயலகன், வாதம், நீரிழிவு, தலைவலி, சோகை முதலிய நோய்கள் பெயர் சுட்டி வேண்டப்படுகின்றன. இவை எப்பிறப்பிலும் தம்மை நலியாதிருத்தல் வேண்டும் என்பது வேண்டுகோள். நோய்களை ‘பிணி’ எனப் பொதுவிற் கூறாது, மக்கள் வழங்கும் பெயரால் நிரல்படக் கூறுதலே அப்பாட்டின் ஆற்றல்.

இதனினும் ஆழமுடையது திருச்செந்தூர்த் திருப்புகழுள் ஒன்று. தொந்தி சரிதல், நரை, பல்லசைவு, கூன், கைத்தடி என முதுமை அதன்கண் அடுக்கப்படுகின்றது. பெண்டிர் நகைக்கின்றனர், இருமல் ஒலிக்கின்றது, பேச்சுக் குழறுகின்றது, கண்ணும் செவியும் கெடுகின்றன. பின்னர்ப் படுக்கையைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்கின்றது. வந்த நோயும், அதனிடையே புகுந்து நெருக்கும் பண்டிதன் ஒருவனும், உடல் வேதனையும், உடைமை யாது கடன் யாது என வினவி நெருக்கும் மைந்தரும், அழுது வீழும் மனைவியும், அருகே நிற்கும் எமபடரும் ஒருவர் பின் ஒருவராக வருகின்றனர்.

பண்டிதன் எங்கு வைக்கப்பட்டான் என்பதை நோக்குக. பிணிக்கும் வேதனைக்கும் இடையே அவன் நிற்கின்றான். தீர்ப்பானாக அன்று, வந்து சேர்ந்த துன்பங்களுள் ஒன்றாகவே நோயாளனுக்கு அவன் தோன்றுகின்றான். மைந்தர் வினவுகின்றனர், ஆயின் அவர் வினா நோயைப் பற்றியதன்று. மனைவியிடம் அன்பு உண்டு. அவ்வன்பு அழுகையாகவே நின்றுவிடுகின்றது. படுக்கையைச் சுற்றி இத்துணைப்பேர் இருந்தும், நோயாளனை நோக்கி ‘எவ்வாறு உளது’ என வினவுவார் ஒருவரும் இலர். வினவினும் விடை கூற இயலாது. நாவும் செவியும் முன்னரே கெட்டன.

இது யாக்கை நிலையாமை கூறும் மரபன்றோ எனின், நரையும் கூனும் கோலும் மரபேயாம். பண்டிதனது நெருக்கமும் மைந்தர் கடன் வினாவும் மரபினளவில் அடங்கா. வீடுகளிற் கண்டு எழுதியவை. மேலும், இறுதியில் எழும் வேண்டுகோளின் காலத்தைக் கருதுதல் வேண்டும். உயிர் மங்கும் பொழுதில் விரைந்து வருக என அவர் இப்பொழுதே கூறிவைக்கின்றார். பேச இயலாத நாள் வரும் என அறிந்தவர், பேச இயலும் நாளிலேயே தம் விருப்பத்தைப் பதிவு செய்கின்றார். உயிர்காக்கும் கருவி பற்றிய விருப்பத்தை ஒருவர் முன்னரே எழுதிவைக்கலாம் என இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு அடிப்படையான தேவையை இப்பாட்டு தன் வழியில் உணர்த்தி நிற்றல் கருதத்தக்கது.

5. உழைச்செல்வார் எழுதியவை

திருவண்ணாமலையிலேயே, நம் காலத்திற்கு அண்மையில், மிக விரிவாகப் பதிவு செய்யப்பட்ட நோய் இரமண மகரிசியின் நோயாகும். அவரது இடக்கை முழங்கைப் பகுதியிற் சிறு கட்டி தோன்றிற்று. அது புற்று எனத் தெரிந்தது. 1949ஆம் ஆண்டினுள் ஆசிரமத்திலேயே நான்கு முறை அறுவை நிகழ்ந்தது. கையை நீக்கிவிடலாம் என்ற கருத்தை அவர் ஏற்றிலர். ஆங்கில மருத்துவமும் பிற முறைகளும் மாறிமாறிச் செய்யப்பட்டன. 1950 ஏப்பிரல் 14ஆம் நாள் இரவு அவர் மறைந்தார். அதுகாறும், தம்மைக் காண வருவாரைத் தடுத்தல் கூடாது என்பதே அவர் வற்புறுத்தியது.

பரிமேலழகர் கூறிய நான்கனுள் மருந்துத் துன்பம் பொறுத்தல் ஈண்டு நிறைந்துள்ளது. நோய்நிலை உணர்த்தலோ மிகச் சுருங்கியுள்ளது. நமக்குக் கிடைப்பன பெரும்பாலும் அன்பரும் மருத்துவரும் எழுதிய குறிப்புக்களே. அவற்றில் எந்த மருத்துவம் ஏற்றது என்னும் கலக்கமும் பிரிவு நெருங்கும் துயரும் மிகுதி. அவை நோயாளரது அனுபவம் அல்ல, உழைச்செல்வாரது அனுபவம். திறனாய்வாளன் இவ்விரண்டையும் மயங்கவைத்தல் கூடாது. சொல்லாத நோயாளர் துன்பமிலர் என்றும் துணிதல் ஆகாது. துன்பமுற்றார் என்று நாமே நிரப்புதலும் ஆகாது. உடனிருந்தோர் குறிப்பை உடனிருந்தோர் குறிப்பாகவே கற்றல் வேண்டும்.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. நோயாளன் கூற்றை மருத்துவத்தின் உறுப்பாகக் கொள்ளுதல் தமிழ் உரைமரபிற்கு உடன்பாடு. கொடைக் கல்வெட்டும் மருத்துவ நூலும் அக்கூற்றைத் தாரா, பாட்டே தரும். பாட்டினுள்ளும் நோயாளன் கூறுவது எது, அருகிருப்பான் கூறுவது எது எனப் பகுத்துணர்தல் வேண்டும்.

இன்று திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ளன. சவ்வாது மலையினின்றும் சிற்றூர்களினின்றும் வருவோர், தம் நோயைத் தம் ஊர்ச் சொல்லாலேயே கூறுவர். ‘வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிறது’, ‘நெஞ்சை அடைக்கிறது’ எனவரும் கூற்றுக்கள் நோயேட்டில் ஒரு கலைச்சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. சுருங்குதல் மருத்துவனுக்கு வேண்டுவதே. ஆயின் சுருங்குமுன் அவன் அச்சொல்லைக் கேட்டானா என்பதே வினா. நாவுக்கரசர் குடரொடு முடக்கும் என்றதும் அம் மலைமகன் சுருட்டிப் பிடிக்கிறது என்பதும் ஒரே வன்மையின் பாற்பட்டன. நோயைக் கூறும் வழக்குச் சொற்களை மாவட்டந்தோறும் தொகுத்து ஆராய்தல் தமிழ்த் துறை மாணவர்க்கு உரிய பணி. அதனை மருத்துவத் துறையினர் செய்வர் என விட்டுவிடுதல் தகாது. நோயுற்றவனை முதலில் வைத்த வள்ளுவர் வரிசைக்கு நாம் செய்யத்தக்க உரை அதுவேயாம்.