ஆதரவற்றவர், சார்ந்திருப்பவர்

தமிழ் படித்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் விஷயத்தை விட்டுவிட்டுச் சொற்களைப் பார்ப்பேன். வன்னியம்பட்டியில் மகன் வீட்டில் இருக்கும் என் பெரியம்மாவின் மஞ்சப்பையில் கிடந்த தாள்களையும் அப்படித்தான் வாசித்தேன்.

ஒன்று, விதவை உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். திட்டத்தின் பெயரிலேயே 'ஆதரவற்ற' என்ற சொல் இருக்கிறது. மாதம் 1,200 ரூபாய் வேண்டுமென்றால், தனக்கு யாருமில்லை என்று அவள் சொல்ல வேண்டும். "மூத்தவன் மில்லுக்குப் போறான்ல, பெறகென்ன?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொன்று, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காக வாங்க அலைந்த வருமானச் சான்று. அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் அட்டைக்குரியவர், அவரது துணை, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மகனின் சம்பளம் அதைத் தாண்டிவிட்டது.

மகன் இருப்பதால் உதவித்தொகை இல்லை. மகன் சம்பாதிப்பதால் காப்பீடு இல்லை. ஒரு தாளில் அவள் யாருமற்றவளாக இருக்க வேண்டும், இன்னொரு தாளில் யாரையோ சார்ந்தவளாக இருக்க வேண்டும். தானாக இருப்பதற்கு இரண்டிலும் கட்டம் இல்லை.

இத்தனைக்கும் பெரியம்மா சும்மா இருந்தவள் இல்லை. சத்திரப்பட்டியில் முப்பது வருடத்துக்கு மேல் தறிக்குத் தார் சுற்றியவள். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல, மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி. அவள் கைப்பட்ட நூல் எத்தனை ஊர்களில் எத்தனை புண்களைச் சுற்றியிருக்குமோ. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் காப்பீட்டில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வுபெறும் தொழிலாளி, வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தானும் துணையும் மருத்துவம் பெறலாம். நல்ல விதிதான். ஆனால் அதற்குப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். தார் சுற்றும் பெண்ணின் பெயர் முதலாளி வீட்டுக் கணக்கு நோட்டைத் தாண்டி எங்கே போயிற்று? அவளுக்கு 'ஓய்வு' என்று ஒரு நாளும் வரவில்லை. கண் தெரியாமல் போனபோது வேலை நின்றது, அவ்வளவுதான்.

2024 அக்டோபர் 29 அன்று ஒன்றிய அரசு, 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை விரித்தது. மகனின் சம்பளம் இங்கே குறுக்கே வராது என்பதால் நான் மகிழ்ந்தேன். ஆதாரை எடுத்துப் பார்த்தால் வயது 67. பெரியம்மா சடங்கானது தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வருடம், அதாவது 1964. ஆதார் கணக்குப்படி அவள் ஏழு வயதில் சடங்காகியிருக்கிறாள்! ஆதார் எடுக்கப் போனபோது அவளிடம் யாரும் கேட்கவில்லையாம். கூடப் போன மகன் ஒரு குத்துமதிப்பாகச் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். இந்தத் திட்டத்துக்கோ ஆதாரில் உள்ள வயதுதான் வயது. பள்ளிக்கு அனுப்பப்படாத, பிறந்த தேதி எழுதி வைக்கப்படாத ஒரு தலைமுறைப் பெண்களுக்கு, வயதைக்கூட வேறொருவர்தான் சொல்லியிருக்கிறார்.

சரி, அட்டை கிடைத்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் என்பது மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கு. பெரியம்மாவின் நோய்கள் படுக்கிற நோய்கள் அல்ல. மூட்டுவலி, சர்க்கரை, ரத்த அழுத்தம். மாதாமாதம் மாத்திரை வேண்டும், அதை வாங்கப் போகக் கூட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அநேகமாக மருமகள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அவள் வர முடியும். இலவச மருத்துவத்தின் விலையை இப்படி வீட்டில் இன்னொரு பெண் கட்டுகிறாள். எந்த அரசாணையிலும் இந்தத் தொகை வருவதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடத்தில்தான் வேறுபட்டது. மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. கொண்டுவருகிறவர் ஊருக்குள் இருக்கும் ஒரு பெண். அட்டை கேட்பதில்லை, மகன் என்ன வேலை என்று கேட்பதில்லை. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ வந்து அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மா சேலையைச் சரிசெய்துகொண்டே சொல்லியிருக்கிறாள்: "தாயி, எனக்கு அடி எறங்கிக் கெடக்கு." கர்ப்பப்பை இறக்கம். பதினெட்டு வருடமாக! குந்தி உட்கார முடியாமல், இருமினால் சிறுநீர் கசிய, பழைய சேலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் பேண்டேஜுக்கு நூல் சுற்றியவள். மகனிடம் எப்படிச் சொல்வது? என்னிடமும் சொல்லவில்லை. பெண்ணுடல் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான்.

அதைச் சொல்லவைத்த பெண்ணுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'தன்னார்வலர்'. சொற்களைப் பார்க்கும் என் பழக்கம் இங்கேயும் விடவில்லை. வெயிலில் தெருத்தெருவாக நடந்து, கருவியும் மாத்திரையும் சுமந்து, வயதானவர்களின் ரகசியங்களையும் வாங்கிக்கொள்கிற வேலைக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. ஆர்வம் அவருடையது என்றால் கூலி கொடுக்க வேண்டியதில்லை. தார் சுற்றியவளின் பெயர் பதிவேட்டில் ஏறாததும் இதுவும் ஒரே கதைதான். இன்னும் இருபது வருடம் கழித்து இந்தப் பெண்ணுக்கு மூட்டு தேயும்போது அவர் எந்தத் தாளில் எந்தச் சொல்லாக இருப்பார்?

அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு அரசு மருத்துவமனைக்குப் போனோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் மகனிடம் காசு கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. புறநோயாளிச் சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார், வயது கேட்டார். பெரியம்மா என்னைப் பார்க்காமல் தானே சொன்னாள்: "எழுவத்தி மூணு." அவர் அப்படியே எழுதிக்கொண்டார். ஆதார் கேட்கவில்லை, குடும்ப அட்டை கேட்கவில்லை. காப்பீடுகள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிற ஏற்பாடு இது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக வரும் மருந்துகளும் இங்கே இப்படித்தான் கிடைக்கின்றன. இலங்கையின் அரசு மருத்துவமனைகளிலும் எந்தக் குடும்பம் என்ற கேள்வி இல்லை, நோயாளியாக வந்தால் போதும். அட்டைகளுக்குப் போகும் பணமும் பேச்சும் இந்த ஜன்னலுக்கு ஏன் வரக் கூடாது?

மருத்துவர் பரிசோதித்துவிட்டு அறுவை சிகிச்சைதான் என்றார். "வீட்டுல யாராவது ஆம்பளையக் கூட்டிட்டு வாங்க, கையெழுத்துப் போடணும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். பெரியம்மா முந்தானையில் விரலைத் துடைத்தாள். "நான் வச்சா ஆகாதா?"