முதல் இரலை: வேட்டைச் சடங்கும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

கலகாரிப் பகுதியில் வாழும் சான் மக்களுள் ஒரு பிரிவினர் குங் எனப்படுவோர். இவர்களுள் சிறுவன் ஒருவன் மூத்தோருடன் வேட்டைக்குச் சென்று, முதன்முதலாகப் பெரிய விலங்கொன்றை நச்சம்பு எய்து பெறுவது சடங்கிற்குரிய நிகழ்வாகும். 1950களிலும் 1960களிலும் களப்பணி செய்த லோர்னா மார்ஷலும் ரிச்சர்டு லீயும் இதனை ஆங்கிலத்தில் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். இப்பதிவுகளைத் தமிழில் தர முயல்வோர் எதிர்கொள்ளக்கூடிய மூன்று சிக்கல்களை ஈண்டு ஆராயலாம்.

முதலாவது, விலங்கின் பெயர். இச்சிறுவன் தேடிச் செல்லும் ஈலண்டு போன்ற விலங்கினை 'மான்' எனப் பெயர்ப்பது எளிது, ஆனால் பொருந்தாது. மானின் கொம்பு கிளைத்து ஆண்டுதோறும் உதிர்வது. இவ்விலங்கின் கொம்போ கிளைக்காதது, உதிராதது. சகாராவுக்குத் தெற்கே மானினம் இயற்கையில் இல்லை. மேலும், 'மான்' என்றவுடன் தமிழ் மனத்தில் தோன்றுவது மருண்ட விழியும் மெல்லிய உடலுமே. அரை டன்னுக்கும் மேல் எடையுள்ள ஈலண்டுக் காளையை அச்சொல் சுமக்காது. முறுக்கிய கொம்புடையதாகச் சங்கப் புலவர் காட்டும் 'இரலை' நம்மிடம் உண்டு. அதனை இனப்பெயராக விரித்து, 'ஈலண்டு இரலை' எனல் தகும்.

இரண்டாவது, சடங்கின் பெயர். ஆங்கில வழக்கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'முதற்கொலைச் சடங்கு' என்றாகும். தமிழில் 'கொலை' அறக்கேட்டையும் குற்றத்தையும் சுட்டும் சொல். தீய்த்த இறைச்சியையும் கொழுப்பையும் சிறுவனின் உடலில் இட்ட சிறு கீறல்களில் தேய்த்து, அவனை வேட்டுவனாக்கும் சடங்கு இது. முதல் ஆண் விலங்கிற்கு ஒருமுறையும் முதல் பெண் விலங்கிற்கு ஒருமுறையுமாக இருமுறை நிகழ்வது. இதற்கு 'முதல் வேட்டைச் சடங்கு' என்பதே ஏற்றது.

மூன்றாவதும் முதன்மையானதும் வினைமுற்றுப் பற்றியது. 'வீழ்த்தினான்', 'வென்றான்' என்னும் வினைகள் நம் உரைநடையில் இயல்பாக வந்து அமரும். ஆனால் இம்மக்களிடையே வேட்டைப் பெருமை பேசுவது கடியப்பட்டது. வேட்டையில் வென்றவன் அமைதியாக வந்தமர்வான். கேட்டால் மட்டுமே, சிறியது ஏதோ கண்ணில் பட்டதென்பான். கொழுத்த விலங்கையும் பிறர் மெலிந்ததென்று இகழ்வர். இறைச்சியைப் பங்கிடும் உரிமை எய்தவனுக்கன்று, அம்புக்கு உடையவர்க்கே. அவர் வேட்டைக்கே வராத ஒருவராகவும் இருக்கலாம். 'நான்' என்பதைத் தணிப்பதற்கே இத்துணை ஏற்பாடுகள்.

இங்குத் தமிழ் இலக்கணம் துணைநிற்கிறது. 'எனக்கு ஒன்று கிடைத்தது', 'அம்பு பட்டது' என எழுவாயிடத்திலிருந்து தன்னை விலக்கிப் பேசும் நான்காம் வேற்றுமைத் தொடரும் செயப்படுபொருள் குன்றிய வினையும் நம் அன்றாட வழக்கில் உள்ளன. 'ஏதோ' என்னும் சொல்லும் அப்பணிவையே தரும். சிறுவனின் கூற்றில் இவற்றை ஆள்வதே முறை.

எனினும் இத்தொடரமைப்பை எங்கும் பரப்புதல் பிழையாகும். சடங்கு நிகழ்வதே அவன் எய்தான் என்பதைச் சமூகம் ஏற்பதற்காக. மணம் செய்துகொள்ளும் தகுதியும் அதனோடு இணைந்தது. ஆகவே ஆய்வாளரின் விவரிப்பில் 'எய்தான்' எனத் தெளிவாக நிற்கவேண்டும். சிறுவன் வாய்மொழியில் 'கிடைத்தது' எனத் தணியவேண்டும். இரண்டையும் ஒரே வினையால் பெயர்த்தால், வேட்டையோடு அச்சிறுவன் கற்ற அடக்கம் மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும்.