முற்றுப்புள்ளிக்குப் பின் எத்தனை இடைவெளி? தேவதானப்பட்டி வட்டார ஊர்ப்பெயர்களை முன்வைத்துத் தமிழ்த் தட்டச்சு மரபு குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தொடர் முடிந்து மறுதொடர் தொடங்குமிடத்தில் இரண்டு இடைவெளி விடும் வழக்கம் ஆங்கிலத் தட்டச்சிலிருந்து தமிழுக்கு வந்தது. அதனைப் பிழையெனக் கொண்டு ஒற்றை இடைவெளியாக்கும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது. இவ்விரு மாற்றங்களின்போதும் தமிழ் எழுத்துமுறையின் தேவை எண்ணிப் பார்க்கப்படவில்லை என்பதைத் தேனி மாவட்டம் தேவதானப்பட்டியைச் சூழ்ந்த வட்டாரத்தின் ஊர்ப்பெயர்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முற்றுப்புள்ளி, தலைப்பெழுத்து, தட்டச்சு, தொடர் எல்லை, ஊர்ப்பெயர், மின்னாக்கம்

முன்னுரை

ஆய்விதழ்கள் கட்டுரையாளர்களுக்கு வகுத்தளிக்கும் நெறிமுறைகளில் எழுத்துருவின் பெயர், எழுத்தின் அளவு, வரிகளுக்கிடையிலான இடைவெளி ஆகியன தவறாமல் இடம்பெறுகின்றன. முற்றுப்புள்ளிக்குப் பின் எத்தனை முறை இடைவெளிக் கட்டையை அழுத்த வேண்டும் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. இது தட்டச்சரின் கைப்பழக்கத்தைச் சார்ந்தது. ஆய்வாளர் கவலைகொள்ளத் தக்கதன்று என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் ஏற்புடையதன்று. பெயர்களும் ஊர்களும் மின்தரவுகளில் தேடப்படும் இக்காலத்தில் ஒரு வெற்றிடம் பொருளையே மாற்றிவிடுகிறது.

இரட்டை இடைவெளியின் வரவு

ஏட்டுச்சுவடிகளில் சொற்களுக்கிடையே வெளி இல்லை. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. தொடர் முடிந்ததைப் படிப்பவரே உணர்ந்துகொண்டார். உரையாசிரியர்கள் ‘என்க’, ‘என்றவாறு’, ‘என்பதாம்’ என முடித்தமை, நிறுத்தக்குறி செய்யவேண்டிய பணியைச் சொல்லே செய்ததற்குச் சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது ஆறுமுக நாவலர் முதலியோர் நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடைக்கு உரியனவாக்கினர். 1950களில் மர்ரே எஸ்.ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகள் சொல் இடைவெளியைப் பொதுவாசகரின் உரிமையாக்கின. பதிப்பாசிரியர்கள் சொல்லுக்கிடையே விட்ட வெளியைப் பற்றி நிறைய விவாதித்துள்ளனர். தொடருக்கிடையே விட்ட வெளியோ அச்சுக்கோப்பவர் பொறுப்பாகவே இருந்துவந்தது.

தட்டச்சுப் பொறி வந்தபின் நிலைமை மாறியது. யாழ்ப்பாணத்தவரான ஆர்.முத்தையா வகுத்த விசைப்பலகையுடன் தமிழ்ப் பொறி செருமனியில் உருவானது. புள்ளி, இகரக்குறி போன்ற நகராக் கட்டைகள் நீங்கலாக, எக்கட்டையை அழுத்தினாலும் பொறி ஒரே அளவே நகரும். ‘ர’ என்னும் ஒடுங்கிய எழுத்துக்கும் ‘ண’ என்னும் அகன்ற எழுத்துக்கும் ஒரே இடம். ஆகவே ‘ர’வின் இருபுறமும் தேவையற்ற வெண்மை தோன்றும்; சொல் முடிந்ததா, எழுத்துதான் மெலிந்ததா என்ற மயக்கம் எழும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில அச்சு நூல்கள் தொடர் முடிவில் அகன்ற வெளி விட்டன. தட்டச்சர் அதனை இருமுறை கட்டையை அழுத்திப் போலச் செய்தனர். ஒரே பயிலகத்தில் ஒரே ஆசிரியரிடம் இருமொழியும் கற்றவர் அப்பழக்கத்தைத் தமிழுக்கும் கொண்டுவந்தது இயல்பே.

பின்னர் ஆங்கில உலகம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு 2009-இல் ஆறாம் பதிப்பில் வரைவுப் படிகளுக்கு இரண்டு இடைவெளியைப் பரிந்துரைத்தது. 2019-இன் ஏழாம் பதிப்பில் ஒன்றே போதும் என்றது. 2020-இல் மைக்ரோசாப்ட் வேர்டு மென்பொருள் இரட்டை இடைவெளியைப் பிழையெனக் கோடிட்டுக் காட்டத் தொடங்கியது. இணையப் பக்கங்களோ எத்தனை இடைவெளி இட்டாலும் ஒன்றாகவே சுருக்கிக் காட்டுவன. தமிழில் தட்டச்சு செய்வோரும் மறுபேச்சின்றி இதனைப் பின்பற்றுகின்றனர்.

தமிழின் தனித்தன்மை

ஆங்கிலத்தில் தொடரின் தொடக்கத்தைப் பெரிய எழுத்து காட்டிவிடுகிறது. இடைவெளி குறைந்தாலும் கூடினாலும் எல்லை தெரியும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. எனவே தொடர் எல்லையைக் காட்டும் பொறுப்பு முழுவதும் புள்ளியின் மீதும் அதனை அடுத்த வெற்றிடத்தின் மீதும் விழுகிறது. அதே புள்ளியும் அதே வெற்றிடமும் தலைப்பெழுத்துக்கும் பயன்படுகின்றன. தலைப்பெழுத்தின்றி ஒரு தமிழ்ப் பெயர் ஆவணத்தில் இடம்பெறுவது அரிது.

தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்பதால் எல்லை தானே விளங்கும் என ஒருவர் மறுக்கலாம். முற்றுப்புள்ளி என்ற பெயரிலேயே ‘முற்று’ இருப்பது அக்கருத்துக்கு வலுச்சேர்ப்பது போலவும் தோன்றும். ஆயினும் வினையில்லாப் பெயர்ப்பயனிலைத் தொடர்கள் தமிழில் மிகப் பல. ‘வந்தான் என்று சொன்னார்’ என்பதில் முதல் முற்று தொடரை முடிப்பதில்லை. கோட்பாட்டளவில் நின்று வாதிடுவதைவிட ஒரு வட்டாரத்தின் பெயர்களைப் பார்ப்பது பயன்தரும்.

ஊர்ப்பெயர்ச் சான்றுகள்

‘தேவதானப்பட்டி’ என்பது கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் ‘தேவதானம்’ என்ற சொல்லும் ‘பட்டி’யும் சேர்ந்தது. மகரம் கெட்டுப் பகரம் மிகுந்து இரண்டும் ஒன்றாயின. ஒருவர் கவனக்குறைவால் ‘தேவதானப் பட்டி’ என்று பிரித்துத் தட்டினாலும் இடையில் நிற்கும் ஒற்று இரு பகுதிகளையும் பிணைத்துவிடும். அவ்வூரின் புகழ்பெற்ற மூங்கிலணைக் காமாட்சியம்மனைக் ‘காமாட்சி அம்மன்’ என எழுதினும் பொருள் கெடாது. சொல் இடைவெளியில் நேரும் பிழையை இலக்கணம் தாங்கிக்கொள்கிறது.

அண்மையிலுள்ள ஜி.கல்லுப்பட்டிக்கு அத்தகைய காப்பு இல்லை. மதுரை மாவட்டத்தில் தே.கல்லுப்பட்டி இருப்பதால், இங்கு ஊரை அடையாளப்படுத்துவதே தலைப்பெழுத்துதான். ‘அவர் பிறந்த ஊர் ஜி. கல்லுப்பட்டி அருகே உள்ளது.’ என்று இடைவெளியிட்டுத் தட்டுவோம். புள்ளிக்குப் பின் பிரித்தால் ‘அவர் பிறந்த ஊர் ஜி.’ என்பது ஒரு பெயர்ப்பயனிலைத் தொடர். ‘கல்லுப்பட்டி அருகே உள்ளது.’ என்பது மற்றொரு தொடர். இரண்டும் இலக்கணப்படி நிறைவானவை, இரண்டும் பொய்யானவை. வரியின் இறுதியில் ‘ஜி.’ நின்று அடுத்த வரியில் ‘கல்லுப்பட்டி’ தொடங்கும் மனுவைப் படிப்பவர் எந்தக் கல்லுப்பட்டி என்று ஒரு கணமேனும் மயங்குவார்.

இதனினும் கூர்மையான சான்று, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ள க.விலக்கு. தென்மாவட்ட வழக்கில் ‘விலக்கு’ என்பது முதன்மைச் சாலையிலிருந்து கிளைச்சாலை பிரியும் இடம். இலக்கண நோக்கில் அதே வடிவம் ஏவல் வினைமுற்றுமாகும். ‘மருத்துவமனை இருக்குமிடம் க. விலக்கு.’ என்ற தொடரைப் புள்ளியில் வெட்டினால், எஞ்சுவது ஒரு கட்டளை. வினைமுற்றே எல்லையைக் காட்டிவிடும் என்ற வாதம் இங்கு நிற்கவில்லை. வட்டார மக்கள் இப்பெயரைக் ‘கானாவிலக்கு’ என்று ஒரே மூச்சில் சொல்கின்றனர். பேச்சில் இல்லாத இடைவெளியை எழுத்தில் புகுத்தியது தட்டச்சு மரபே.

கணினி இதில் மனிதரைவிடத் தடுமாறுகிறது. தொடர் எல்லையைக் காண ஒருங்குறி அமைப்பு வகுத்துள்ள பொது நெறியின்படி, புள்ளியை அடுத்துச் சிறிய எழுத்து வருமாயின் தொடர் முடியவில்லை எனக் கொள்ளப்படும். அத்தடயம் தமிழுக்குக் கிடையாது. பெயரகராதி ஒன்றைத் துணைக்கொள்ளாத மென்பொருள் ஒவ்வொரு தலைப்பெழுத்தையும் தொடர் முடிவாகவே எண்ணும்.

மதிப்பீடு

தட்டச்சர்கள் தலைப்பெழுத்துக்குப் பின் ஒன்றும் தொடர் முடிவில் இரண்டும் இட்டபோது, பெரிய எழுத்தில்லாத மொழிக்கு வேண்டிய ஒரு வேறுபாட்டை அறியாமலே காத்துவந்தனர். அவர்களை ஆங்கிலத்தின் எச்சத்தைச் சுமந்தவர்கள் என எள்ளுவது நேர்மையன்று. அதற்காக இரட்டை இடைவெளியை மீண்டும் விதியாக்க வேண்டுவதில்லை. அகலம் மாறும் எழுத்துருவில், இருபுறமும் ஒழுங்குசெய்த பத்தியில், அது வெண்துளைகளாகத் தெரியும். இணையத்தில் தெரியவே தெரியாது.

மாற்றம் தேவைப்படுவது தலைப்பெழுத்தின் பக்கத்தில். செய்தித்தாள்கள் நெடுங்காலமாக ‘உ.வே.சா.’, ‘வ.உ.சி.’ என நெருக்கியே அச்சிடுகின்றன. கல்விப்புல நூல்களே ‘உ. வே. சாமிநாதையர்’ என இடைவெளியிடுகின்றன. (இடைவெளி கூடினால் மதிப்புக் கூடும் என்ற நம்பிக்கை போலும்.) இவ்விடயத்தில் செய்தித்தாளின் வழக்கே சிறந்தது. புள்ளிக்குப் பின் வெளியின்றி எழுதினால் வரி அவ்விடத்தில் முறியாது. வெளி வேண்டுமென்போர் பிரிபடா இடைவெளியைப் பயன்படுத்தலாம். எல்லாப் பயனரும் அதனைத் தட்டுவர் என எதிர்பார்க்கவியலாது. ஆய்விதழ்கள் தம் நெறிமுறையில் தொடருக்குப் பின் ஒன்று, தலைப்பெழுத்துக்குப் பின் ஒன்றுமில்லை என ஒரு வரி சேர்த்தால் போதும்.

பழைய தட்டச்சுப் படிகளையும் கோப்புகளையும் மின்னாக்கம் செய்வோர் இதில் வரிசைமுறையைப் பேணுதல் இன்றியமையாதது. ‘இரண்டு இடைவெளியை ஒன்றாக்கு’ என்ற கட்டளையே பெரும்பாலும் முதலில் இடப்படுகிறது. அதனை இட்ட நொடியில் தொடர் முடிவும் தலைப்பெழுத்தும் ஒரே தோற்றம் பெற்றுவிடுகின்றன. மூலப்படி அழிந்திருப்பின் மீட்க வழியில்லை. ஒற்றை இடைவெளி தொடரும் புள்ளிகளை முதலில் தேடி, அவற்றுள் தலைப்பெழுத்துகளை நெருக்கிய பின்னரே இரட்டை இடைவெளியைச் சுருக்க வேண்டும்.