கட்சிப் பற்றும் கத்தோலிக்க மனச்சான்றும்

திருமுழுக்குப் பெயரோடு கட்சிச் சின்னத்தையும் தந்தை மகனுக்கு விட்டுச் செல்லும் வழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்றி நிற்கிறது. ‘எங்கள் வீட்டு வாக்கு என்றைக்கும் இந்தச் சின்னத்துக்கே’ என்னும் பெருமிதத்தை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் நாம் அடிக்கடி கேட்கிறோம். கட்சியில் சேர்ந்து உழைப்பது பொதுநிலையினரின் உரிமை, கடமையும்கூட. ஆனால் கட்சியிடம் கேள்வி கேட்கும் மனச்சான்றையே அடகு வைக்கும் பற்று, பற்றாகுமா?

இந்தப் பற்றுக்குப் பின்னால் ஓர் அச்சம் உண்டு. 2002 அக்டோபரில் அன்றைய அ.தி.மு.க. அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏழைகளுக்குச் செய்யும் தொண்டே குற்றமாகிவிடுமோ என்று நம் மக்கள் கலங்கினர். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் அக்கட்சியின் கூட்டணி தோற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல; எனினும் அதே மே மாதத்தில் சட்டம் கைவிடப்படுவதாக அறிவிப்பு வந்தது. அச்சுறுத்தியவரை விலக்க நம் மக்கள் அன்று கற்றனர். அடைக்கலம் தருபவரை வினவும் பாடம் மட்டும் இன்னும் மீதமிருக்கிறது.

2023 ஏப்ரலின் ஒரு வாரத்தை எண்ணிப் பார்ப்போம். 19ஆம் நாள், தலித் கிறித்தவருக்கும் பட்டியல் இன உரிமை வழங்குமாறு ஒன்றிய அரசை வேண்டும் தீர்மானத்தை அன்றைய தி.மு.க. அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. நம் உள்ளம் குளிர்ந்தது, குளிர்ந்ததில் தவறில்லை. இரண்டே நாள் கழித்து, 21ஆம் நாள், அதே மன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அது வழி திறந்தது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது என்றார்கள். ஆனால் கம்பெனிப் பேருந்தில் தொலைவிலிருந்து வந்து போகும் பெண்ணுக்கு 12 மணி வேலைக்குப் பின் வீடு ஏது, செபம் ஏது?

முன்னது ஒரு வேண்டுகோள். பின்னது ஒரு சட்டம். ஒரகடத்தில் உழைக்கும் தலித் கத்தோலிக்கர் இரண்டுக்கும் உரியவர். தீர்மானத்துக்கு நன்றி சொன்ன நாவு சட்டத்தைப் பற்றிப் பேசியதா? எத்தனை அன்பியங்களில் அது பேசுபொருளாயிற்று?

‘நம்மவரைக் கடிந்தால் பகைவர் வந்துவிடுவாரே’ என்பார்கள். நடந்தது வேறு. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்தன. மே முதல் நாளில் சட்ட முன்வடிவு திரும்பப் பெறப்பட்டது. ஆட்சி கவிழவில்லை, கூட்டணியும் உடையவில்லை. நண்பர்கள் கடிந்ததால் தொழிலாளர் பிழைத்தனர்.

2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர், சங்க உரிமை கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பலர் கைதாயினர். உயர்நீதிமன்றத்தின் படியேறிய பின்னரே, 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. தொழிலாளர் சங்கம் அமைப்பது இயல்பான உரிமை எனத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இலேயே போதித்தார். அவரை நினைவுகூர்ந்தே இன்றைய திருத்தந்தை பதினான்காம் லியோ தம் பெயரைத் தேர்ந்தார். இப்போதனைக்கு நம் பங்குகளில் உயிர் உண்டா?

இன்னொரு வேதனையும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறித்தவரான தலித் அங்கே வேட்பாளராக நிற்க இயலாது. கொடி பிடிக்கலாம், சுவரில் சின்னம் வரையலாம், வாக்களிக்கலாம். வேட்புமனு மட்டும் தரலாகாது. தலைமுறைகளாகக் கொடி பிடித்தவர், தம் கட்சி இதற்காகத் தில்லியில் எவ்வளவு போராடியது என்று கணக்குக் கேட்க வேண்டாமா?

திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் பிணைக்கப்பட்டதன்று என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனை. அருட்பணியாளர் கட்சி அரசியலில் முனைந்து ஈடுபடலாகாது என்கிறது திருச்சபைச் சட்டம். இத்தாலி நாட்டில் சிலுவையையே சின்னமாகக் கொண்ட கிறித்தவ சனநாயகக் கட்சி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அரசாண்டு, ஊழல் வழக்குகளில் சிதைந்து 1994இல் கலைந்தது. சிலுவை தாங்கிய கட்சிக்கே அக்கதி என்றால், மற்றக் கட்சிகளுக்குக் கண்மூடி வாக்களிப்பது எங்ஙனம் தகும்?

எனவே எந்தச் சின்னத்துக்கு வாக்கு என்று நாம் சொல்லப் போவதில்லை. தேர்தலுக்கு முன் அன்பியங்கள் கூடி மூன்று கேள்விகளை எழுதட்டும்: வேலை நேரமும் ஒப்பந்தத் தொழிலாளர் நிலையும், சங்க உரிமை, தலித் கிறித்தவர் உரிமை. வேட்பாளர் எல்லாரிடமும் அவற்றைக் கேட்கட்டும். வென்றவரை ஆண்டுக்கொரு முறை அழைத்து விடை கேட்கட்டும். கட்சியில் இருப்போர் கட்சிக்குள்ளேயே இவற்றைப் பேசட்டும். உறுதியாய்க் கிடைக்கும் வாக்கை எவரும் தேடி வருவதில்லை. மனச்சான்றோடு அளிக்கப்படும் வாக்குக்கே எல்லாரும் விடை சொல்லியாக வேண்டும்.