காலடியில் ஒரு நடுக்கம்

ஜூன் பிறந்ததும் தென்காசிக் காற்றில் சாரல் ஏறிவிடும். குற்றாலத்துக்குப் போகிற கார்களும், செங்கோட்டை வழியாகக் கேரளா போகிற லாரிகளும் நனைந்த தார்ச்சாலையில் உரசாத குறையாக ஓடும். புளியரை எஸ் வளைவில் முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றால், பிரேக்கை ஓங்கி மிதிப்போம். அப்போது பெடல் கடகடவென்று காலைத் திருப்பித் தள்ளும். காருக்குள் எனக்கு மிகப் பிடித்த சத்தம் அதுதான்.

அது ஏபிஎஸ் வேலை செய்கிற சத்தம். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஏதாவது ஒன்று சுழலாமல் பூட்டிக்கொள்ளப் பார்த்தால், பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல தடவை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. சக்கரம் உருண்டால்தான் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். பூட்டிக்கொண்டால் எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே வழுக்கும். பழைய டிரைவர்கள் இந்த விட்டுப்பிடிக்கிற வித்தையைக் காலாலேயே செய்தார்கள். ஆனால் நாலு சக்கரத்தையும் தனித்தனியாகக் கவனிக்க எந்தக் காலாலும் முடியாது.

1978இல் பாஷ் நிறுவனம் பென்ஸ் காருக்குச் செய்துகொடுத்த சொகுசு இது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதுக் கார்களுக்குக் கட்டாயம். ஆனாலும் ஏர்பேக்குக்கு இருக்கிற பேர் இதற்கு இல்லை. (அடி விழுந்தபின் வருகிறவருக்குத்தானே நம்மூரில் மாலை!)

பெடல் நடுங்கினால் பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். மொட்டை டயருக்கு எந்த ஏபிஎஸ்ஸும் கைகொடுக்காது. சீசனுக்குக் கிளம்புமுன் டயரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.